ஏத்தம் கம்மியான மவுண்டன் பைக் பாதை வேணுமா? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் புதுசா ஓட்ட ஆரம்பிக்கறவங்களுக்கு

முட்டி வலிக்கு சைக்கிள் ஓட்டுங்கன்னு டாக்டர் சொன்னதுல ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன், ரோட்டுல லாரிங்களோட ஓட்ட பயம், அதனால மண் பாதைதான் வேணும்னு முடிவு பண்ணேன், ஆனா முதல் மூணு மாசம் நான் போன பாதை எல்லாமே தப்பான பாதை. நெட்ல ஈசின்னு போட்டிருந்த ஒரு ரூட்ல பாதி தூரம் தள்ளிக்கிட்டே ஏறி, கையில இருந்த ரெண்டு பாட்டில் தண்ணியும் தீர்ந்து, ஒரு மாந்தோப்பு காவலுக்கு இருந்த பெரியவர் "ஏம்ப்பா இந்த வெயில்ல"ன்னு கேட்டு சொம்புல தண்ணி குடுத்ததுல தான் வீடு வந்து சேந்தேன். இன்னொரு நாள் காட்டுக்குள்ள போயிட்டேன்னு திருப்பி அனுப்பினாங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் எந்த பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிக்கும், அதனால சமதளம்னே ஒண்ணு இல்லன்னு நினைச்சுட்டு நிறைய பேர் ரெண்டாவது வாரமே சைக்கிள மாடிப்படிக்கு அடில போட்டுடறாங்க. சமதளம் நிறையவே இருக்குங்க, அத எப்படி தேடறதுன்னு தெரியணும், அவ்ளோதான்.

1. மொதல்ல உங்களுக்குன்னு ஒரு நம்பர் வெச்சுக்கோங்க

ஏத்தம் கம்மின்னு வாய்ல சொன்னா ஒவ்வொருத்தருக்கும் ஒரு அர்த்தம். பத்து வருஷமா ஓட்டறவருக்கு தருமபுரி பக்கத்து வத்தல்மலை ஏத்தம் கூட பரவால்லன்னு தோணும். அதனால நம்பரா பேசுங்க. நான் வெச்சிருக்கற கணக்கு இது: ஒரு கிலோமீட்டருக்கு மொத்த ஏத்தம் 10 மீட்டர் தாண்டக்கூடாது. அதாவது 15 கிலோமீட்டர் சுத்தி வந்தா, அங்கங்க ஏறினது எல்லாத்தையும் கூட்டினா 150 மீட்டருக்குள்ள இருக்கணும். இது ரெண்டு மாசம் ஓட்டினவங்களுக்கு. முதல் நாலு ரைடுக்கு இதுல பாதி போதும்.

இன்னொரு நம்பரும் பாக்கணும், ஒரே இடத்துல எவ்வளவு செங்குத்தா ஏறுதுன்னு. 100 மீட்டர் தூரத்துல 3 மீட்டர் ஏறினா மூச்சு வாங்காது. 6 மீட்டர் ஏறினா கியர் முழுசா குறைக்கணும். 8, 10 மீட்டர்னு போனா தார் ரோட்டுல எப்படியோ ஏறிடலாம், ஆனா சரளைக்கல்லு கிடக்கற மண் பாதைல பின் சக்கரம் வழுக்கும், புது ஆளு கண்டிப்பா கால ஊனிடுவாங்க. மொத்த ஏத்தம் கம்மியா இருக்கற ரூட்ல இந்த மாதிரி ஒரே ஒரு துண்டு இருந்தாலும் அன்னிக்கு நாள் போச்சு, அதனால ரெண்டையும் பாருங்க.

ரூட் காட்டற போன் ஆப்புல ஈசின்னு போட்டிருந்தா அதுக்கு பெரும்பாலும் பாதைல பெரிய கல்லு, பள்ளம், குதிக்கற இடம் இல்லன்னு தான் அர்த்தம், ஏத்தம் இல்லன்னு அர்த்தம் இல்ல. நான் மாட்டினது இங்கதான்.

2. தண்ணி போற வழிய புடிங்க

இந்த கட்டுரைல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இத வெச்சுக்கோங்க. வாய்க்கால் வெட்டினவங்க நமக்கு பாதி வேலைய எப்பவோ முடிச்சு வெச்சுட்டாங்க. பாசனக் கால்வாய்ல தண்ணி தானா போகணும், அதே சமயம் வேகமா போனா கரைய அரிச்சுடும், அதனால ரொம்ப ரொம்ப லேசான சரிவுல, மேடு வந்தா சுத்தி வளைச்சு தான் வெட்டுவாங்க. அந்த கால்வாயோட கரை மேல டிராக்டர் போற மண் தடம் இருந்தா அது மலை அடிவாரத்துல போனாலும் உங்க காலுக்கு சமதளம் மாதிரி தான் இருக்கும். கண்ணுக்கு சுத்தி மலை, காலுக்கு ஏத்தம் இல்ல, புதுசா ஓட்டறவங்களுக்கு இதவிட வேற என்ன வேணும் சொல்லுங்க.

ஏரிக்கரையும் அப்படித்தான், கரையோட தலை ஒரே மட்டமா இருக்கும். ஒரே பிரச்சனை, நம்ம ஏரிங்க பூராவும் வட்டமா கரை கட்டினது இல்ல, தண்ணி வந்து சேர்ற பக்கம் கரையே இருக்காது, அங்க சீமைக்கருவேல மரமும் சேறும்தான். அதனால ஏரிய சுத்தி ஒரு ரவுண்டுன்னு பிளான் போடாதீங்க, கரை மேல போய் அதே வழில திரும்புங்க.

மூணாவது, ஆறு. தென்பெண்ணை ஓசூர் பக்கத்துல இருந்து கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், இருமத்தூர்னு இறங்கி அனுமன்தீர்த்தம் பக்கம் போகுது. ஆத்த ஒட்டின ஊர் ரோடுங்க மொத்தமா பாத்தா ஆறு போற திசைல இறக்கம், எதிர் திசைல ஏத்தம். அதனால மேல போறத காலைல முதல்ல முடிச்சுடுங்க, திரும்பி வர்றப்ப கால் சோர்ந்திருக்கும், அப்ப ஆறு போற திசைல வாங்க. இத தலைகீழா பண்ணிட்டு 11 மணி வெயில்ல ஏத்தத்துல மாட்டினவன் சொல்றேன்.

3. போறதுக்கு முன்னாடி மேப்ல ஏத்தத்த எண்ணுங்க

இதுக்கு காசு செலவு பண்ண வேண்டாம். கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் ப்ரோ இலவசம். அதுல பாதைய கோடா வரைஞ்சு, கோட்டு மேல ரைட் கிளிக் பண்ணி எலிவேஷன் ப்ரொஃபைல்னு குடுத்தா, கீழ ஒரு படம் வரும், மொத்தம் எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குது, எங்க அதிக சரிவுன்னு காட்டும்.

இன்னொண்ணு சர்வே ஆஃப் இந்தியாவோட டோப்போ ஷீட், அதாவது நிலத்தோட மேடு பள்ளத்த காட்டற மேப். அவங்க சைட்ல ரிஜிஸ்டர் பண்ணி பிடிஎஃபா இறக்கிக்கலாம். 50,000க்கு 1 அளவுல இருக்கற ஷீட்ல உயரக்கோடு (ஒரே உயரத்துல இருக்கற இடங்கள சேத்து வரைஞ்ச கோடு) 20 மீட்டருக்கு ஒண்ணு இருக்கும். உங்க பாதை மேல ஏறும்போது எத்தனை கோட்ட வெட்டுதுன்னு எண்ணி 20ஆல பெருக்குங்க, 5 கோடுன்னா கிட்டத்தட்ட 100 மீட்டர். பாதை கோட்ட வெட்டாம கூடவே ஓடுதுன்னா அதுதான் நமக்கு வேண்டிய பாதை. கால்வாய், ஏரி, மண் ரோடு எல்லாம் அதுல தனித்தனியா தெரியும், வனத்துறையோட காப்புக்காட்டு எல்லையும் தெரியும், பின்னாடி அதுவும் தேவைப்படும்.

இதுல ரெண்டு விஷயம் ஏமாத்தும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல 15 மீட்டர் ஏறி இறங்கினா டோப்போ ஷீட்ல தெரியவே தெரியாது, ஓசூர் பக்கம் நிலம் அலை அலையா இருக்கறதால இந்த சின்ன ஏத்தங்க சேந்து காலை காலி பண்ணிடும். அப்புறம் சாட்டிலைட் உயரக் கணக்கு சின்ன மேடு பள்ளத்த தப்பா காட்டும், கால்வாய் கரை மேல கோடு போட்டா திடீர்னு 12 சதவீதம்னு (100 மீட்டருக்கு 12 மீட்டர் ஏத்தம்) ஒரு ஊசி மாதிரி நிக்கும், நேர்ல போனா அங்க ஒண்ணும் இருக்காது. அதனால ஆப்பு 80 மீட்டர்னு சொன்னா நான் 120ன்னு வெச்சுக்கறேன்.

கடைசியா டூவீலர்ல ஒரு வாட்டி போய் பாத்துட்டு வாங்க. மேப்ல பாதை இருக்கும், நேர்ல யாராவது முள்வேலி போட்டிருப்பாங்க. பெட்ரோல் 100 ரூபா செலவாகும், ஒரு ஞாயித்துக்கிழமைய காப்பாத்தும்.

4. நான் போயிட்டு வந்ததுல புது ஆளுக்கு ஒத்து வர்ற இடங்க

கிருஷ்ணகிரில இருக்கறவங்க கேஆர்பி அணைக்கு (தென்பெண்ணைல இருக்கற கிருஷ்ணகிரி அணை) கீழ பாருங்க. அணைல இருந்து இடது, வலதுன்னு ரெண்டு பிரதானக் கால்வாய் போகுது, 9,012 ஏக்கர் பாசனம் இத நம்பித்தான். கரைல சில இடம் தார் போட்டிருக்காங்க, சில இடம் மண், சில இடம் புல்லு மூடி ஒத்தையடிப்பாதையா ஆயிடும். ரெண்டு பக்கமும் நெல்லு, தென்னை, மாந்தோப்பு. முதல் தடவை 4 கிலோமீட்டர் போய் திரும்புங்க, 8 ஆச்சு, போதும். அணை மேலயும் ஷட்டர் பக்கமும் சைக்கிள விடமாட்டாங்க, அதுக்கு யார்கிட்டயும் பேசிப் பாக்க வேண்டாம், பாதுகாப்பு விஷயம் அது. ஊர்க்காரங்க டிராக்டர் ஓட்டற கரைப்பாதைல என்னை யாரும் எந்த லெட்டரும் கேட்டது இல்ல, ஆனா வயலுக்கு நடுவுல ஆளுங்க வேலை செய்யறப்ப இறங்கி ஒரு வார்த்தை சொல்லிட்டு போங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது பாரூர் பக்கம். தென்பெண்ணைல நெடுங்கல் தடுப்பணை இருக்கு, அங்கிருந்து தான் பாரூர் பெரிய ஏரிக்கு கால்வாய்ல தண்ணி வருது. காவேரிப்பட்டணம் வரைக்கும் வண்டில கொண்டு போய் அங்கிருந்து ஊர் ரோடு, கால்வாய் கரை, ஏரிக்கரைன்னு மாத்தி மாத்தி போலாம். ஏரிக்கரைல காத்து நல்லா வரும், டீ குடிச்சுட்டு திரும்பலாம்.

தருமபுரி டவுன்ல இருக்கறவங்க ராமாக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரின்னு ஆரம்பிச்சு பிரேக், கியர் பழகுங்க, பழகறதுக்கு அது போதும். அப்புறம் மொரப்பூர், அரூர் பக்கம் போங்க, அங்க மலைங்களுக்கு நடுவுல நிலம் நல்லா விரிஞ்சு கிடக்கு, ஊருக்கு ஊர் மண் வண்டித்தடம் இருக்கு.

ஓசூர்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு, கிருஷ்ணகிரி 500 மீட்டர ஒட்டி. அதனால ஓசூர்ல இருந்து கிழக்க, தென்கிழக்க போனா ஆரம்பத்துல இறக்கமா ஜாலியா இருக்கும், திரும்பற வழிய யோசிக்காம போயிடாதீங்க. கெலவரப்பள்ளி அணைய சுத்தி இருக்கற ஊர்ப்பாதைங்க பரவால்ல, சின்ன சின்ன அலை மாதிரி ஏத்தம் மட்டும் இருக்கும். அந்த பக்கம் தெலுங்கும் கன்னடமும் தான் நிறைய பேசுவாங்க, "தாரி உந்தா", "தாரி இத்யா"ன்னு கேக்க தெரிஞ்சாலே வழி சொல்றதோட மோரும் குடுப்பாங்க.

5. போகக்கூடாத இடங்க, பர்மிஷன் விஷயம்

இத அவசரமா தாண்டிப் போயிடாதீங்க.

காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014ல அறிவிச்சது, காவிரி தெற்கு 2022ல. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து காட்டுல பெரும் பகுதி ஒண்ணு சரணாலயம், இல்லன்னா காப்புக்காடு. சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குத்தம், சைக்கிள்தானேன்னு சொல்லி தப்பிக்க முடியாது. மேப்ல அழகா ஒரு மண் பாதை காட்டும், யாரோ ஓட்டி பதிவும் போட்டிருப்பாங்க, அத நம்பி போகாதீங்க. "நான் கூட்டிட்டு போறேன், ஒண்ணும் ஆகாது, 500 குடுங்க"ன்னு வர்றவங்க கிட்ட கண்டிப்பா போகாதீங்க, மாட்டினா அவரு இருக்க மாட்டாரு, நீங்க தான் இருப்பீங்க.

கண்டிப்பா காட்டுப்பாதை வேணும்னா அந்த கோட்டத்தோட மாவட்ட வன அலுவலருக்கு தமிழ்லயே எழுதிக் கேளுங்க: எந்த தேதி, எத்தனை பேர், எங்க ஆரம்பிச்சு எங்க முடியும், கூட பாதை வரைஞ்ச மேப், எல்லாரோட ஆதார் நகல், போன் நம்பர். குடுத்ததுக்கு ஒரு நகல்ல சீல் வாங்கிக்கோங்க. நான் சீல் வாங்காம விட்டதால லெட்டர் எங்க இருக்குன்னே தெரியாம மூணு வாட்டி அலைஞ்சேன், கடைசில பதிலும் வரல. மாசக்கணக்கு முன்னாடி ஆரம்பிங்க, கிடைக்கும்னு கணக்கு பண்ணி லீவ் போடாதீங்க.

யானைங்க அக்டோபர், நவம்பர் வாக்குல பெங்களூர் பக்கத்து பன்னேர்கட்டா காட்டுல இருந்து ஜவளகிரி, தளி வழியா ஓசூர் பக்கத்து சானமாவு காடு வரைக்கும் கூட்டமா வரும், ராகி அறுவடை நேரம் அது. பிப்ரவரி வரைக்கும் அந்த பக்கம் காட்டோரம் இருக்கற ஊர்ப்பாதைல கூட அதிகாலைல, சாயங்காலத்துல போகாதீங்க. ஊர்ல யானை வந்திருக்குன்னு ஒருத்தர் சொன்னா கூட அன்னிக்கு ரைட கேன்சல் பண்ணிடுங்க.

கரண்ட் வேலி இன்னொரு ஆபத்து. 2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கத்துல ஒரு நிலத்துல திருட்டுத்தனமா கரண்ட் விட்ட வேலில மாட்டி 3 யானை செத்துச்சு. யானைய கொல்ற கரண்ட் நம்மள என்ன பண்ணும்னு யோசிங்க. குறுக்கு வழின்னு எந்த வயக்காட்டுக்குள்ளயும் புகாதீங்க, கம்பிய தொட்டு தூக்கி நுழையாதீங்க. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு தரை மட்டத்துல இருக்கும், புல்லு மறைச்சிருக்கும், அதுக்காகவும் சொல்றேன், தடத்த விட்டு இறங்காதீங்க.

இதுபோக ஏத்தத்துக்காக தவிர்க்க வேண்டியது: வத்தல்மலை, அஞ்செட்டில இருந்து ஒகேனக்கல், தொப்பூர் கணவாய். பென்னாகரம் ஒகேனக்கல் ரோடு போறப்ப பூராவும் இறக்கம், ஒகேனக்கல்ல மீன் சாப்பிட்டுட்டு திரும்பினா அந்த இறக்கம் எல்லாம் ஏத்தமா நிக்கும், நடுவுல காடு வேற.

6. கையில வெச்சிருக்க வேண்டிய பேப்பர்

சைக்கிளோட ஒரிஜினல் பில் தான் முக்கியம். பில்லுல ஃபிரேம் நம்பர் எழுதி இருக்கணும், நிறைய கடைல எழுத மாட்டாங்க, நீங்க கேட்டு எழுதி வாங்குங்க. அந்த நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடில பொறிச்சிருக்கும், சைக்கிள தலைகீழா போட்டு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. சைக்கிள் திருடு போனா ஸ்டேஷன்ல இது தான் கேப்பாங்க, ரயில்ல புக் பண்ணவும் பில் கேப்பாங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கினா பழைய பில்லோட வித்தவரு கையெழுத்து போட்ட ஒரு பேப்பரும், அவரோட ஐடி நகலும் வாங்குங்க.

பையில ஆதார் நகல், ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதின சின்ன அட்டை. பாம்பு கடிச்சா, விழுந்து அடிபட்டா 108, அப்ப பக்கத்து ஊர் பேரு சொல்லத் தெரியணும், அதனால போற வழில இருக்கற ஊர் பேரெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கறது என் பழக்கம்.

7. செலவு

நான் வாங்கினப்ப ஆன கணக்கு: முன்னாடி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், கியரோட சைக்கிள் 22,000. ஹெல்மெட் 1,400. கிளவுஸ் 400. ஸ்பேர் டியூப் ரெண்டு 600. பஞ்சர் ஓட்டைய அடைக்க டியூப்ல ஊத்தற சீலன்ட் 350. கைப் பம்ப் 700. ஸ்பேனர் செட் 500. மொத்தம் 25,950.

தடிச்ச டயர் போட்ட கியர் இல்லாத சைக்கிள் பாக்க கம்பீரமா இருக்கும், விலையும் கம்மி, வாங்கிடாதீங்க, எடைய தூக்கிப் பாத்தா புரியும். கியர் சைக்கிள்லயும் முன்னாடி சின்ன பல்சக்கரத்துல 22ல இருந்து 28 பல், பின்னாடி பெருசுல 32 இல்லன்னா 34 பல் இருக்கான்னு எண்ணிப் பாருங்க, அது இருந்தா சின்ன ஏத்தம் எல்லாம் உக்காந்துக்கிட்டே ஏறிடலாம்.

சீலன்ட்ல மட்டும் கஞ்சம் பாக்காதீங்க. நம்ம ஏரிக்கரைங்க பூராவும் நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் தான். ஒரே காலைல எனக்கு மூணு பஞ்சர், மூணாவதுக்கு ஒட்டறதுக்கு பேட்ச் இல்ல, 6 கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வந்தேன். காத்த ரோட்டுக்கு அடிக்கற மாதிரி கல்லு மாதிரி அடிக்காதீங்க, 70 கிலோ ஆளுக்கு 2.1 இன்ச் டயர்ல 30 பிஎஸ்ஐ சுத்தி இருந்தா மண்ணுல நல்லா புடிக்கும். டயர் ஓரத்துல போட்டிருக்கற குறைஞ்ச அளவுக்குக் கீழ மட்டும் போகாதீங்க.

8. சைக்கிள பாதை வரைக்கும் கொண்டு போறது

ரயில்ல லக்கேஜா புக் பண்ணலாம், டிக்கெட், ஐடி, பில் வேணும், ஒரு மணி நேரம் முன்னாடி போகணும். ஆனா சின்ன ஸ்டேஷன்ல ரயில் ஒண்ணு ரெண்டு நிமிஷம் தான் நிக்கும், ஏத்தி இறக்க ஆள் இருக்காது, அதனால பெரிய ஸ்டேஷன் டு பெரிய ஸ்டேஷன் மட்டும் யோசிங்க. டவுன் பஸ்ல கண்டக்டர் மனசு வெச்சா தான், அத நம்பி பிளான் போட முடியாது.

எனக்கு சரிப்பட்டு வந்தது குட்டியானை தான். நாலு பேர் சேந்து கிருஷ்ணகிரில இருந்து பாரூருக்கு ஒரு டாடா ஏஸ் பேசினோம், போக வர 1,600 ஆச்சு, ஆளுக்கு 400. கீழ பழைய மெத்தை போட்டு சைக்கிள படுக்க வைங்க, செயினும் பின் கியரும் இருக்கற பக்கம் மேல இருக்கணும். கார் வெச்சிருக்கறவங்க பின்னாடி ரேக் மாட்டினா நம்பர் பிளேட்ட மறைக்காம பாத்துக்கோங்க, ஃபைன் போடுவாங்க.

9. எந்த மாசம், எத்தனை மணிக்கு

டிசம்பர் கடைசில இருந்து மார்ச் முதல் வாரம் வரைக்கும் அருமை, மண்ணு இறுகி இருக்கும், காலைல குளிரா இருக்கும். மா பூக்கற நேரம் அது, தோப்புல மருந்தடிக்கறப்ப அந்த பக்கம் போகாதீங்க. ஏப்ரல், மே மாசத்துல 8 மணிக்கு வீட்டுல இருக்கணும். ஜூன்ல இருந்து மேக்காத்து, ஆடில அது உச்சம், மேற்க பாத்து ஓட்டினா சமதளமே ஏத்தம் மாதிரி தான், அதனால அந்த மாசங்கள்ல காலைல காத்து கிளம்பறதுக்கு முன்னாடி மேற்க போயிட்டு, காத்து தள்ள கிழக்க திரும்புங்க. கேஆர்பி கால்வாய்ல முதல் போகத்துக்கு வழக்கமா ஜூலைல தண்ணி விடுவாங்க, அப்ப கரை சில இடம் ஊறி இருக்கும், ஓரத்துல ஓட்டாதீங்க. மழை பேஞ்சா செம்மண்ணுன்னா ஒரு நாள் காய விடுங்க, களிமண் கரைன்னா மூணு நாள், இல்லன்னா சக்கரத்துல அப்பிக்கிட்டு சுத்தவே சுத்தாது.

5:45க்கு வீட்ட விட்டு கிளம்பி, வெளிச்சம் வந்தப்புறம் 6:15க்கு சக்கரத்த உருட்டுங்க, ஏப்ரல், மே தவிர மத்த மாசத்துல 8:30க்கு முடிச்சுடுங்க. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, ரெண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய். நாய் துரத்தினா வேகமா மிதிக்காதீங்க, இறங்கி சைக்கிள உங்களுக்கும் நாய்க்கும் நடுவுல வெச்சு மெதுவா நடங்க, அது எல்லை வரைக்கும் தான் வரும். முதல் ரைடுக்கு கூட ஒருத்தர கூட்டிட்டு போங்க, யாரும் கிடைக்கலன்னா வீட்டுல எந்த கால்வாய், எந்த ஊர் வரைக்கும், எத்தனை மணிக்கு திரும்புவேன்னு சொல்லிட்டு கிளம்புங்க.